திடீர்த் தோல்விக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளிதழ் ஒன்றில் இரவுப் பணியில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் மாதத்திலேயே இந்தச் சொற்களில் தடுக்கி விழுவார்கள். நானும் விழுந்தவன்தான். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றையும் 'தோல்வி' என்று எழுதிவிட்டால் என்ன குறை?

தோற்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். தேர்தலில் தோற்கலாம், வழக்கில் தோற்கலாம். பாலம் யாரிடம் தோற்கும்?

அமெரிக்காவில் டகோமா நகரருகே ஒரு தொங்கு பாலம் 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. லேசான காற்றுக்கே மேலும் கீழும் அலை அலையாக ஆடியதால் அதற்குக் 'கேலப்பிங் கெர்ட்டி' என்று பட்டப்பெயர். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் கெர்ட்டி என்று பொருள். நவம்பர் 7 அன்று மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. கடும்புயல் என்று சொல்லத்தக்க காற்று அல்ல. பாலத்தின் தளம் ஈரத்துணியைப் பிழிவதுபோல் இப்படியும் அப்படியும் முறுக்கிக்கொண்டது. நடுவே காரோடு மாட்டிக்கொண்ட பத்திரிகைக்காரர் ஒருவர் தவழ்ந்தே கரை சேர்ந்தார். காருக்குள் டப்பி என்ற நாய் இருந்தது. காப்பாற்றப் போனவரை அது கடித்ததுதான் மிச்சம். பாலம் அறுந்து விழுந்தபோது போன ஒரே உயிர் அந்த நாய்தான்.

ஆங்கிலத்தில் இதை ஒரே சொல்லில் 'கொலாப்ஸ்' என்பார்கள். பொறியாளர்கள் 'ஃபெயிலியர்' என்பார்கள். தாங்க வேண்டியது தாங்காமல் போனது என்ற பொருளில். தமிழில் 'பாலம் தோல்வியடைந்தது' என்று எழுதினால் படிக்கிறவர் சிரிப்பார். 'இடிந்து விழுந்தது' என்பதும் இங்கே அரைகுறைதான், அது கல்லுக்கும் சுவருக்கும் உரிய சொல். 'முறுக்கிக்கொண்டு அறுந்து விழுந்தது' என்றால் கண்ணுக்குத் தெரிகிறது. எது உடைந்தது, எப்படி உடைந்தது என்று பார்க்காமல் இந்தச் சொற்களில் ஒன்றையும் தமிழாக்க முடியாது.

அப்படியானால் 'கிராஷ்' வேறு, 'கொலாப்ஸ்' வேறா?

வேறுதான். பரணிலிருந்து பித்தளை அண்டா விழுந்தால் கிராஷ். கூடாரத்தின் நடுக்கம்பை உருவினால் கொலாப்ஸ். முதலாவது சத்தத்திலிருந்தே பிறந்த சொல், நம் 'தடால்' மாதிரி. இரண்டாவது லத்தீனிலிருந்து வந்தது. 'ஒன்றாகச் சேர்ந்து சரிதல்' என்று அதற்குப் பொருள். கிராஷில் வேகமும் மோதலும் இருக்கும். கொலாப்ஸில், தாங்கி நின்றது போய்விட்டது, அதனால் மற்றதெல்லாம் உள்நோக்கி விழுகிறது.

பங்குச் சந்தைக்குக் கிராஷ் பொருந்துவது வேகத்தால். 1929 அக்டோபர் 28, 29 ஆகிய இரண்டு நாட்களில் நியூயார்க்கின் டவ் ஜோன்ஸ் குறியீடு முதல் நாள் சுமார் 13 சதவீதமும் மறுநாள் சுமார் 12 சதவீதமும் விழுந்தது. 1987 அக்டோபர் 19 அன்று ஒரே நாளில் 22.6 சதவீதம்.

கிரிக்கெட்டுக்குக் கொலாப்ஸ். 2020 டிசம்பர் 19, அடிலெய்டு. இந்திய அணி இரண்டாவது இன்னிங்ஸில் 36 ரன்னில் முடிந்தது. ஒருவர்கூட இரண்டு இலக்கத்தைத் தொடவில்லை. ஒருவர் போனதும் அடுத்தவர், அவர் போனதும் அடுத்தவர் என்று தாங்கல் போன பந்தல்போல் சரிந்ததால்தான் அது கொலாப்ஸ். தமிழ் நாளிதழ்கள் இதற்கு 'சீட்டுக்கட்டு போல் சரிந்தது' என்று எழுதுகின்றன. அது ஆங்கிலத்திலிருந்து வந்த உவமை. 'மளமளவென விக்கெட்டுகள் விழுந்தன' என்பது நம்முடையது. எனக்கு 'மளமள'தான் பிடிக்கும்.

வங்கி 'ஃபெயில்' ஆகிவிட்டது என்று வந்தால்?

வங்கி யாரோடும் பரீட்சை எழுதவில்லை. போட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித்தர முடியாத நிலைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். தமிழில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: நொடித்தது. 'வியாபாரத்தில் நொடித்துப் போனார்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சொல்லுக்குள்ளேயே ஒரு நொடி இருக்கிறது. சொற்பிறப்பு ஆராய்ச்சியாக இதைச் சொல்லவில்லை; காதுக்கு அப்படிக் கேட்கிறது.

நம் ஊரிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, மதராசின் அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. நூற்றாண்டுக்கு அருகே பழமை கொண்ட நிறுவனம். கம்பெனியின் பெயரை நம்பியே சேமிப்பைப் போட்டுவைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். ஆங்கில வரலாற்றில் இது 'அர்பத்நாட் கிராஷ்' என்றும் 'அர்பத்நாட் ஃபெயிலியர்' என்றும் வரும். முதல் சொல் அந்தத் திங்கட்கிழமையின் அதிர்ச்சியைச் சொல்கிறது. இரண்டாவது கணக்குப் புத்தகத்தின் நிலையைச் சொல்கிறது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 'இனி நமக்கென்று ஒரு வங்கி வேண்டும்' என்று வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முனைந்ததில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

'பேங்க்ரப்ட்' என்பதற்கு 'திவால்' சரியா?

சரி. ஆனால் அந்தச் சொல்லின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலியில் பணம் மாற்றுவோர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தொழில் செய்தார்கள். பெஞ்சுக்குப் பெயர் 'பாங்க்கா'. வங்கியும் அதிலிருந்துதான். 'பாங்க்கா ரொத்தா' என்றால் உடைந்த பெஞ்சு. கடன் கட்ட முடியாதவனின் பெஞ்சை நிஜமாகவே உடைத்தார்கள் என்று சுவையான கதை ஒன்று சொல்வார்கள். அதை நான் செய்தியில் எழுதமாட்டேன்.

'திவால்' நமக்கு இந்துஸ்தானி வழியே வந்தது. இலங்கைத் தமிழில் 'வங்குரோத்து' என்பார்கள். ஐரோப்பியர்களோடு கப்பலேறி அந்த உடைந்த பெஞ்சு யாழ்ப்பாணம் வரை வந்து சேர்ந்திருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, அங்குள்ள தமிழ் ஏடுகள் 'வங்குரோத்து' என்றும் இங்குள்ளவை 'திவால்' என்றும் எழுதின. ஒரே செய்தி, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல். தமிழகத்தில் மட்டும் இன்னொன்று உண்டு: 'மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டார்.' இதை எந்த ஆங்கில அகராதியிலும் தேடாதீர்கள்.

'ஃபியாஸ்கோ', 'டிபாக்கிள்' இரண்டும் ஒன்றா?

இரண்டும் பலர் முன்னிலையில் நடக்கும் அவமானம் என்ற அளவில் ஒன்று. ஃபியாஸ்கோ இத்தாலிய மொழியில் குடுவை. மேடையில் நடிகரோ பாடகரோ சொதப்பினால் 'குடுவை செய்துவிட்டார்' என்பது அந்த ஊர் நாடகக் கொட்டகை வழக்கு. ஏன் குடுவை என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு, ஒன்றும் உறுதியில்லை. மேடை வழக்கு என்பதால் இந்தச் சொல்லில் எப்போதும் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கும். மாநாட்டில் மைக் வேலை செய்யவில்லை, சாப்பாடு பத்தவில்லை, சிறப்பு விருந்தினர் வரவில்லை என்றால் ஃபியாஸ்கோ. உயிர் போன நிகழ்ச்சிக்கு இந்தச் சொல்லைப் போட்டால் கல்நெஞ்சு என்பார்கள். தமிழில் 'கேலிக்கூத்து' ஏறத்தாழ ஒத்துவரும், அதுவும் மேடையிலிருந்தே வந்ததால்.

டிபாக்கிள் பிரெஞ்சுச் சொல். குளிர்நாடுகளில் ஆறு உறைந்து கிடக்கும். வெயில் ஏறியதும் பனிப்பாளம் ஒரே மூச்சில் வெடித்துப் பிளந்து, வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். அந்த உடைப்புக்குப் பெயர் இது. படை சிதறி ஓடுவதற்கும், தேர்தலில் ஒரு கட்சி துடைத்தெறியப்படுவதற்கும் இப்போது பயன்படுகிறது. நாம் உறைந்த ஆற்றைப் பார்த்ததில்லை, ஆனால் கரை உடைந்த ஏரியைப் பார்த்திருக்கிறோம். 'படுதோல்வி' என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போகலாம். நேரமிருந்தால் 'அடித்துச் செல்லப்பட்டது' என்று எழுதிப் பாருங்கள்.

'டிசாஸ்டர்' எங்கே, 'கேட்டஸ்ட்ரஃபி' எங்கே?

டிசாஸ்டர் என்பதற்குள் நட்சத்திரம் இருக்கிறது. தீய நட்சத்திரத்தின் வேலை என்பது மூலப்பொருள். 'நேரம் சரியில்லை' என்று நாம் சொல்வதை ஐரோப்பியர்கள் ஒரே சொல்லாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கேட்டஸ்ட்ரஃபி கிரேக்க நாடகத்திலிருந்து வந்தது, கதை தலைகீழாகத் திரும்பும் கட்டம். இன்று அரசு ஏடுகளில் முன்னது 'பேரிடர்'. 2005ஆம் ஆண்டுச் சட்டமே பேரிடர் மேலாண்மைச் சட்டம்தான். பின்னதைப் 'பேரழிவு' என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சு ஆங்கிலத்தில் சமையல் கெட்டாலும் டிசாஸ்டர்தான். அதைப் போய் 'சாம்பார் பேரிடர்' என்று எழுதக்கூடாது.

சந்தை 'மெல்ட்டவுன்' என்றால் 'சந்தை உருகியது' என்று எழுதலாமா?

வேண்டாம். அணு உலையின் எரிபொருள் குளிர்ச்சி இல்லாமல் உருகிப்போவதே மெல்ட்டவுன். 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் உலையில் அது பாதி நடந்தது, 1986இல் செர்னோபில், 2011இல் புகுஷிமா. 1987 சரிவின்போது நியூயார்க் சந்தையின் தலைவரே இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கடைத்தெருவில் தரையில் புரண்டு அழும் குழந்தைக்கும் இப்போது இதுவே சொல். தமிழில் உருகுவது வேறு விஷயம். மனம் உருகும், பக்தன் உருகுவான். 'சந்தை உருகியது' என்றால் முதலீட்டாளர்மீது இரக்கப்பட்டது போலாகிவிடும். சந்தைக்கு 'நிலைகுலைந்தது', குழந்தைக்கு 'அழுது ஆர்ப்பாட்டம் செய்தது'.

'ஹி கொலாப்ஸ்டு', 'ஹார்ட் ஃபெயிலியர்' இவற்றில் கவனிக்க என்ன இருக்கிறது?

மற்ற இடங்களில் தவறினால் சிரிப்பார்கள். இங்கே தவறினால் ஒரு குடும்பம் அழும். மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் 'கொலாப்ஸ்' ஆனார் என்றால் சுருண்டு விழுந்தார், அவ்வளவே. மயக்கமாக இருக்கலாம். இறந்தார் என்று எழுத வேறு சொல் வந்தாக வேண்டும்.

'ஹார்ட் ஃபெயில் ஆகிவிட்டது' என்று நம் ஊரில் சொன்னால் ஆள் போய்விட்டார் என்று பொருள். மருத்துவ ஆங்கிலத்தில் ஹார்ட் ஃபெயிலியர் என்பது உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இதயத்தால் இறைத்துத்தர முடியாத நிலை. அதோடு ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டுக்கொண்டு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். 'ஹார்ட் அட்டாக்' என்பது இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது, அதாவது மாரடைப்பு. 'கார்டியாக் அரெஸ்ட்' என்பதுதான் துடிப்பு திடீரென்று நின்றுபோவது. மூன்றையும் மாரடைப்பு என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை.

படம் ஓடவில்லை என்பதற்கு எத்தனை சொற்கள்?

'ஃப்ளாப்' நமக்குத் தெரிந்ததுதான்; பொத்தென்று விழும் சத்தம். 'பாம்' என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கை. அமெரிக்கர் ஒரு நாடகம் 'பாம்' ஆனது என்றால் படுத்துவிட்டது. ஆங்கிலேயர் 'பாம் மாதிரி போனது' என்றால் பிரமாதமாகப் போனது. எந்த ஊர்ச் செய்தி என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும்.

'ஃபிஸில்' தொடக்கத்தில் சத்தமில்லாமல் காற்றுப் பிரிவதைக் குறித்த சொல். பிறகு அமெரிக்கக் கல்லூரிகளில் பதில் தெரியாமல் விழிப்பதற்கு வந்து, இன்று பிசுபிசுத்துப் போவதற்கு நிற்கிறது. 'போராட்டம் பிசுபிசுத்தது' என்பதைவிட நல்ல மொழிபெயர்ப்பு அதற்குக் கிடையாது. 'டேம்ப் ஸ்க்விப்' என்பது நமத்துப்போன பட்டாசு. தீபாவளிக்கு மழை பெய்யும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

'ஃப்ளாஷ் இன் த பேன்' என்பதை நான் சேர்ந்த புதிதில் 'வாணலியில் தீப்பொறி' என்று எழுதினேன். அந்தப் 'பேன்' அடுப்படியைச் சேர்ந்ததல்ல. பழைய துப்பாக்கியின் பக்கத்தில் கொஞ்சம் மருந்து வைக்கும் சிறு கிண்ணம். அதில் பளிச்சென்று பற்றும், உள்ளே குழலுக்குத் தீ போகாது, குண்டு கிளம்பாது. முதல் படத்தில் வெளிச்சம் காட்டிவிட்டுக் காணாமல் போகும் நடிகருக்கு உரிய தொடர்.

'ஃபவுண்டர்', 'ஃபோல்டு', 'கோ அண்டர்' இவை எப்படித் தோல்வியாகின்றன?

'பேச்சுவார்த்தை ஃபவுண்டர் ஆனது' என்ற வரியை நான் 'பேச்சுவார்த்தைக்கு அடித்தளம் இடப்பட்டது' என்று எழுதிவிட்டேன். ஃபவுண்டர் என்றால் நிறுவனர்தானே என்ற நினைப்பு. மெய்ப்புப் பார்த்த பெரியவர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்: "தம்பி, சமாதானத்துக்குக் கால்கோள் விழா நடத்திவிட்டீர்கள் போலிருக்கிறதே. அங்கே கப்பல் மூழ்கிக்கொண்டிருக்கிறது." வினைச்சொல்லாக வந்தால் தண்ணீர் புகுந்து கடலடிக்குப் போவது என்று பொருள். 'கோ அண்டர்' என்பதும் மூழ்குவதே. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று பழமொழி வைத்திருக்கும் நமக்கு இந்தப் படங்கள் அந்நியமல்ல.

'கம்பெனி ஃபோல்டு ஆனது' என்றால் இழுத்து மூடினார்கள். வேடிக்கை என்னவென்றால், மடிதல் என்பதற்குத் தமிழில் துணி மடிவதும் உண்டு, உயிர் மடிவதும் உண்டு.

கணினிக்கு?

நிரல் பாதியில் நின்றால் 'கிராஷ்', சேவையே கிடைக்காமல் போனால் 'அவுட்டேஜ்'. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 'முடங்கியது' என்ற ஒரே சொல் அன்று எல்லாத் தலைப்புகளையும் காப்பாற்றியது.

'பக்' என்றால் பூச்சி. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினிக்குள் ஒரு விட்டில் சிக்கியிருந்ததைக் குறிப்பேட்டில் ஒட்டி, நிஜமாகவே பூச்சி பிடிபட்ட முதல் சம்பவம் என்று எழுதி வைத்தார்கள். 'நிஜமாகவே' என்று எழுதியதிலிருந்தே, அதற்கு முன்பும் கோளாறுக்குப் பூச்சி என்று பெயர் இருந்தது தெரிகிறது. எடிசன் 1878லேயே அப்படி எழுதியிருக்கிறார். 'கிளிட்ச்' வழுக்கலைக் குறிக்கும் யித்திஷ் (ஐரோப்பிய யூதர்களின் மொழி) சொல்லோடு தொடர்புடையது என்பது பலர் கருத்து. நம் கணித்தமிழ்க்காரர்கள் பக் என்பதற்கு இலக்கணத்திலிருந்து 'வழு' என்ற சொல்லை எடுத்தார்கள். வழு, வழுக்கு: அவர்கள் வழுக்கிய இடத்திலேயே நாமும் வழுக்கியிருக்கிறோம்.

ஆங்கிலத்தில் இல்லாத வசதி ஏதும் தமிழில் உண்டா?

ஒரு மெய்யெழுத்து. கவிழ்ந்தது, கவிழ்த்தது. முறிந்தது, முறித்தது. சரிந்தது, சரித்தது. 'ந்' இருந்தால் தானாக நடந்தது, 'த்' இருந்தால் யாரோ செய்தது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் போனது. அதற்குச் சற்று முன்புதான் அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டிருந்தது. 'ஆட்சி கவிழ்ந்தது' என்று எழுதும் ஏடும் 'ஆட்சியைக் கவிழ்த்தது' என்று எழுதும் ஏடும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதை அந்த ஓர் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் 'கொலாப்ஸ்' என்று எழுதிவிட்டு யாரையும் கைகாட்டாமல் நழுவலாம். தமிழாக்கும்போது நமக்கு அந்த வசதி இல்லை, தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

தோல்வியைத் தோல்வி என்று சொல்லாத ஆங்கிலச் சொற்களை என்ன செய்வது?

விண்வெளித் துறையில் இவை அதிகம். 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் 73ஆவது வினாடியில் சிதறி ஏழு பேர் இறந்தபோது, நேரடி வர்ணனையாளர் அதை 'பெரிய மால்ஃபங்ஷன்' என்றார். கோளாறு, அவ்வளவுதான். 2023 ஏப்ரலில் ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப் வானில் வெடித்ததற்கு அந்நிறுவனம் சொன்னதைத் தமிழில் வைத்தால் 'திட்டமிடாத விரைவுப் பிரிப்பு'.

2019 செப்டம்பர் 7, நள்ளிரவு தாண்டி இரண்டு மணியை நெருங்கும் நேரம். அச்சுக்கு அனுப்ப வேண்டிய முதல் பக்கம் காத்திருக்கிறது. இரண்டு தலைப்புகள் தயாராக இருந்தன, இரண்டும் வெற்றித் தலைப்புகள். சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவிலிருந்து 2.1 கிலோமீட்டர் உயரம் வரை சரியாக வந்தது, பிறகு தொடர்பு அறுந்தது என்று இஸ்ரோ தலைவர் சிவன் அறிவித்தார். நாங்கள் 'தொடர்பு துண்டிப்பு' என்று போட்டோம். அந்த நேரத்தில் தெரிந்தது அதுமட்டும்தான். பிறகு வந்த சொல் 'ஹார்ட் லேண்டிங்'. 'கடினத் தரையிறக்கம்' என்று மொழிபெயர்த்தவர்களும் உண்டு. அது கஷ்டப்பட்டாவது இறங்கிவிட்டது என்று பொருள் தரும். 'வேகமாக மோதி விழுந்தது' என்பதே சரி. டிசம்பரில் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அடையாளம் காட்டிய இடத்தை நாசா உறுதிப்படுத்தியபோது, அவர்கள் பயன்படுத்தியவை மோதல், சிதைவு என்ற சொற்கள்தான்.

2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி சி-61 மூன்றாம் கட்டத்தில் கைவிட்டது. இஸ்ரோவின் ஆங்கில அறிவிப்பு, மூன்றாம் கட்டத்தில் ஓர் 'அப்சர்வேஷன்' காரணமாகப் பணியை நிறைவேற்ற முடியவில்லை என்றது. மேசையில் இருந்த புதிய பையன் அதை அப்படியே 'மூன்றாம் கட்டத்தில் ஒரு கவனிப்பு காரணமாக' என்று அடித்திருந்தான். நான் அதை அடித்துவிட்டு 'கோளாறு' என்று எழுதினேன். "சார், அவர்கள் அப்படிச் சொல்லவில்லையே" என்றான். சொல்லவில்லைதான். ராக்கெட் கடலில் விழுந்திருந்தது.